ஏட்டின் மௌனமும் மலையின் மலரும்

1776ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து 1836இல் சென்னையில் மறைந்த மிஷனெரி ரோட்லர் ஐயரைத் தமிழ் அகராதி தொகுத்தவராக நாம் நன்கறிவோம். அவர் செடிகளைத் திரட்டி உலர்த்திப் பாதுகாத்தவருமாவார். அத்தொகுப்பு பின்னர் இங்கிலாந்திலுள்ள கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்தது. உலர்ந்த செடி ஒட்டிய தாள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றுச் சான்று. இன்னார், இன்ன காலத்தில், இன்ன இடத்தில் இதனைக் கண்டார் என்பதற்கு அது சாட்சி பகருகிறது. அச்சாட்சியை எங்ஙனம் படிப்பது என்பதை நம் தென்மலைகளின் அரிய ஆர்க்கிட் மலர் ஒன்று கற்பிக்கிறது.

கர்னல் ஹீபர் ட்ரூரி இம்மலரைத் திருவிதாங்கூர் மலைகளில் 1865இல் கண்டெடுத்தார். சென்னை மாகாணக் காட்டிலாகாவைச் சேர்ந்த பெட்டோம் 1874இல் இதனை விவரித்து, கண்டவர் பெயரையே இதற்கு இட்டார். இன்று இது பாப்பியோபெடிலம் ட்ரூரியை எனப்படுகிறது. மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும். கீழிதழ் சிறு மிதியடி போன்று குழிந்திருக்கும். இப்பேரினத்தில் தென்னிந்தியாவுக்கு உரியது இது ஒன்றே.

பின்னர் நெடுங்காலம் இம்மலர் காட்டில் தென்பட்டதாகச் செய்தி இல்லை. ஆகவே இது அழிந்துபோயிற்று என்றே கருதினர். ஆனால் 1972இல் அகத்தியமலைப் பகுதியில் இது மீண்டும் காணப்பட்டது. ஏடுகள் மௌனமாயிருந்த காலமெல்லாம் மலையில் மலர் பூத்துக்கொண்டேயிருந்தது. ஏட்டில் இல்லாமை உலகில் இல்லாமை ஆகாது.

இவ்வரலாற்றின் பிற்பகுதி துயரமானது. இடம் வெளிப்பட்டதும், விற்பனைக்காகச் செடிகளைப் பெயர்த்தெடுப்போர் அங்கே சென்றனர். இன்று இவ்வினம் மிகக் கடுமையான அழிவு அபாயத்திலுள்ளதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிட்டுள்ளது. ஆதலால் அரிய செடிகள் வளரும் இடத்தைத் துல்லியமாக வெளியிடாமல் காப்பது தாவரக் காப்பகங்களில் வழக்கமாயிற்று. சான்றைப் பேணுவோர், அச்சான்று சுட்டும் உயிரையும் பேணக் கடமைப்பட்டவரன்றோ?

திருச்சபை வரலாறு பயிலும் நாம் இதனின்று இரு பாடங்கள் பெறலாம். முதலாவது, தாள்களில் சேகரித்தவரின் பெயர் நிற்கிறது. காட்டு வழிகாட்டிச் சென்ற மலைவாசியின் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. மிஷன் அறிக்கைகளிலும் நிலை இதுவே. கிராம உபதேசியார் பலரும் வேதாகமப் பெண்கள் பலரும் அவற்றில் பெயரின்றி மறைந்துள்ளனர். அவர்தம் பெயர் இல்லாமையால் அவர்தம் ஊழியமும் இல்லை எனத் தீர்ப்பது பெரும்பிழை. இரண்டாவது, ஆவணம் பேசும்போது அதன் பேச்சினால் எவருக்குக் கேடு விளையும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். ஏட்டின் மௌனத்தை மரணமென்று எண்ணாமலும், கண்டறிந்ததைக் கொள்ளைக்கு இரையாக்காமலும் காப்பதே வரலாற்று மாணவர் கைக்கொள்ளத்தக்க நெறியாகும்.