சும்மா இருக்கிற கம்பிகளின் கதை

டிஸ்கி: இது கிதார் வகுப்பு இல்லீங்க. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் இயற்பியல், நடுவுல நம்ம ராமநாதபுரமும் வரும்.

கிதார் பழகுற பசங்களுக்கு முதல் மாசம் வர்ற கேள்வி, "விரல் எப்படி இவ்ளோ வேகமா ஓடுது?" ஆறு மாசம் கழிச்சு கேள்வி மாறிடும்: "விரல் ஓடுது, ஆனா ஏன் கேக்கச் சகிக்கல?" எங்க கடலாடிப் பக்கம் பக்கத்துல உக்காந்து திருத்த வாத்தியார் கிடைக்கிறது கஷ்டம். பசங்க மொபைல்ல வீடியோ பாத்துத்தான் பழகுறாங்க. வீடியோவுல ஓடுற விரல் தெரியும், கம்பியை அடக்குற விரல் தெரியாது. அதனால "நம்ம கிதார் மட்டம், நமக்கு வராது"ன்னு மூலையில சாத்தி வச்சிடறாங்க. பிரச்சினை பெரும்பாலும் கிதார்லயும் இல்ல, திறமையிலயும் இல்ல. வாசிக்காத கம்பிகள் சும்மா இருக்கல, அவ்ளோதான்.

ஏன் சும்மா இருக்க மாட்டேங்குது? தடிமனான ஈ கம்பி விநாடிக்குச் சுமார் 82 தடவை அதிரும். அதுக்கு ரெண்டு மடங்கு கிட்டத்தட்ட 165. டி கம்பியில ரெண்டாவது ஃப்ரெட்டை அமுத்தினா வர்றதும் அதே 165 தான். அதனால டி கம்பியை மீட்டினா, யாரும் தொடாத ஈ கம்பி தானா முனகும். இது ஒண்ணு. விரலைக் கம்பியில இருந்து எடுக்கும்போது அது லேசா சுண்டிவிடும், திறந்த கம்பி ஒலிக்கும். இது ரெண்டு. சுத்துக் கம்பியில விரல் வழுக்குற கீச்சு சத்தம் மூணு.

மைக் இல்லாத காலத்துல இதெல்லாம் பெரிய விஷயமில்ல. பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கே முனகல் சரியா கேக்காது. மின்சாரம் வந்த பிறகுதான் வினை. 1962ல மேஸ்ட்ரோ எஃப்.இசட்.1 என்கிற ஃபஸ் பெட்டி கடைக்கு வந்துச்சு. ஃபஸ், டிஸ்டார்ஷன் எல்லாம் என்ன செய்யும்னா, பெரிய சத்தத்தோட தலையைத் தட்டிக் குட்டையாக்கிடும், சின்ன சத்தத்தைத் தூக்கி அது உயரத்துக்கே கொண்டுவந்துடும். சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் ஒரே சம்பளம் கொடுத்த மாதிரி :-)

வேடிக்கை பாருங்க, அதே 1962ல ஃபெண்டர் கம்பெனி ஜாகுவார்னு ஒரு கிதார் விட்டாங்க. அதுல கம்பிகளுக்கு அடியில ஸ்பிரிங் வச்ச ஒரு ஃபோம் மெத்தை. அமுத்தினா மேல வந்து கம்பிகளை அடக்கும். பலர் அதைக் கழட்டிப் போட்டுட்டாங்க. காரணம் சிம்பிள். அது ஆறு கம்பியையும் சேர்த்து அடக்கும், வேணுங்கிற கம்பி உட்பட! நமக்குத் தேவை ஒண்ணு பாடணும், அஞ்சு வாயை மூடணும். எது அந்த ஒண்ணு என்பது வேகமா வாசிக்கும்போது விநாடிக்கு நாலஞ்சு தடவை மாறும்.

நாய்ஸ் கேட் பெட்டி வாங்கினா சரியாகாதான்னு கேப்பீங்க. ஆகாது. அது ஒரு 'இஃப்' கண்டிஷன் மாதிரி. சத்தம் ஒரு அளவுக்குக் கீழ போனா கதவை மூடும். நீங்க வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது கதவு திறந்துதான் இருக்கும், நல்லதோட கெட்டதும் உள்ள வந்துடும்.

சரி, நம்ம வீணை இதை எப்படிச் சமாளிச்சது? வீணையில வாசிக்கிற கம்பி நாலு, தாளக் கம்பி மூணு. ஏழுமே பொதுவா ஸ, ப ரெண்டுலதான் சேத்திருக்கும். அதனால எந்தக் கம்பி தானா அதிர்ந்தாலும் அது சுருதிக்கு ஒத்தாசைதான். தாளக் கம்பியை வேணும்னே சுண்டு விரலால மீட்டுவாங்க. கிதார் கதை வேற. ஈ-ஃப்ளாட் மேஜர்ல வாசிச்சா திறந்த கம்பி ஆறுல நாலு அந்த ஸ்கேலுக்கு வெளியே நிக்கும். எது முனகினாலும் அபஸ்வரம்.

அதாவது இரைச்சல் என்பது கம்பியோட குணம் இல்ல. சுருதியோட சேர்ந்தா நாதம், சேரலேன்னா இரைச்சல். நான் இந்தப் பதிவுல சொல்ல வந்ததே இதான்.

இதை ரெண்டு கரையில இருந்தும் பார்த்த ஒரு மனுஷன் ஜான் மெக்லாஃப்லின். 1971ல மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சு, காது கிழியிற சத்தத்துல அசுர வேகத்துல வாசிச்சவர். கையில இரட்டைக் கழுத்து கிப்சன், ஒரு கழுத்துல 12 கம்பி, இன்னொண்ணுல 6. மொத்தம் 18 கம்பி அடக்கணும்! நல்லவேளை, வாசிக்காத கழுத்தை ஸ்விட்ச் போட்டு அணைக்கலாம். அப்புறம் அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டார்.

அதுக்கப்புறம் அமைஞ்சதுதான் 'சக்தி' குழு. 1975ல மேடையில ஒலிப்பதிவாகி அடுத்த வருஷம் வந்த முதல் ஆல்பத்துல எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். மிருதங்கம் யாருங்கிறீங்க? ராம்நாட் வி. ராகவன்! உலகமே திரும்பிப் பார்த்த ஒரு கிதார் குழுவோட முதல் ஆல்பத்துல நம்ம ஜில்லா பேரைத் தாங்கினவரோட மிருதங்கம். நம்ம பக்கத்துப் பசங்க எத்தனை பேருக்கு இது தெரியும்?

சக்திக்காக மெக்லாஃப்லின் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலை விட்டு அக்கூஸ்டிக் கிதாருக்கு மாறினார். ஏப்ரகாம் வெக்டர் அவருக்குச் செஞ்சு கொடுத்த கிப்சன் கிதார்ல ஃப்ரெட்டுகளுக்கு நடுவுல மரத்தைக் குழிவாச் செதுக்கியிருந்தாங்க, வீணை மாதிரி கமகம் இழுக்கிறதுக்கு. ஆறு கம்பிக்கு அடியில குறுக்கா இன்னும் ஏழு கம்பி. எல்லாரும் முனகலை ஒழிக்கப் பாடுபட்டபோது இவர் காசு கொடுத்து முனகல் வாங்கி வச்சார்! ஆனா அந்த ஏழும் தனியா சுருதி சேர்க்கக்கூடியவை. வாசிக்கிற ராகத்துக்கு ஏத்தபடி முனகும்.

இதுக்கு நேரெதிர் வழியில போனவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலின்ல எட்டு கம்பி, ரெண்டு ரெண்டா நாலு ஜோடி. ஜோடிக் கம்பியை இழுத்தா ரெண்டும் ஒரே அளவு ஏறாது, கமகம் குழறும். அவர் எலெக்ட்ரிக் மாண்டலின்ல ஒத்தைக் கம்பியா அஞ்சு வச்சுக்கிட்டார். 1978ல சின்னப் பையனா மேடையேறி, 2014ல மறையுற வரைக்கும் அவர் வேகத்துல ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா முத்து மாதிரி விழுந்துச்சு. பின்னாடி அவரும் மெக்லாஃப்லினோட 'ரிமெம்பர் சக்தி'யில சேர்ந்து வாசிச்சார். ஒருத்தர் கம்பி கூட்டினார், ஒருத்தர் கம்பி குறைச்சார், ரெண்டு பேரும் ஒரே மேடையில!

இன்னிக்கு வீடியோக்கள்ல சிலர் கிதார் கழுத்துல பொம்பளப் பிள்ளைக தலைமுடிக்குப் போடுற பேண்டை மாட்டியிருப்பாங்க. ஸ்டைல் இல்லீங்க, அதுவும் இதுக்குத்தான். விரல் அமுத்தின இடத்துல இருந்து பிரிட்ஜ் வரைக்கும்தான் கம்பி ஒலிக்கும், பேண்டு அதுக்குப் பின்னாடி இருக்கிறதால வாசிக்கிற ஸ்வரத்தைத் தொடாது, திறந்த கம்பியை மட்டும் அமுக்கும். மைக்கேல் ஜாக்சன் குழுவுல வாசிச்ச ஜெனிஃபர் பேட்டன் இந்த மாதிரி டாம்பரைப் பல வருஷமா வச்சிருக்கிறவர். இரண்டு கையாலயும் தட்டி வாசிக்கும்போது அடக்கக் கை மிச்சமில்லையே! ஆனா நம்ம பாட்டு வாசிக்கிறவங்க கவனிக்கணும். திறந்த கம்பியில ஸட்ஜம் பிடிக்கிறவங்களுக்கு பேண்டு சுருதியையும் சேர்த்தே கொன்னுடும்.

ஆக, பைசா செலவில்லாத வழி கைதான். வலது உள்ளங்கையோட ஓரம் தடிமனான கம்பிகள் மேல சாஞ்சிருக்கட்டும். இடது ஆள்காட்டி விரலோட அடிப்பாகம் மெல்லிய கம்பிகளை லேசாத் தொட்டிருக்கட்டும், நுனி பக்கத்து தடிமன் கம்பியை உரசட்டும். மெதுவா வாசிச்சு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அப்புறம் நிறுத்திக் கேளுங்க. ஏதாவது மிச்சம் முனகினா எந்தக் கம்பின்னு கண்டுபிடிச்சு அதுக்கு ஒரு விரலைக் காவல் போடுங்க. வேகம் அப்புறம் தானா வரும்.

முளைப்பாரித் திருவிழா மேடையில லீட் கிதார் வாசிக்கிற தம்பி யாராவது இதைப் படிச்சா, பெடல் வாங்கக் கடன் வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு மாசம் செஞ்சு பாருப்பா. மூலையில சாத்தி வச்ச தம்பிக்கும் இதே சேதிதான், எடுத்துத் தூசி தட்டு.

வர்ட்டா...