ஏலமலை வண்டிகளும் பக்கக் கண்ணாடியும்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் கிளம்பி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, பொழுது சாயும் நேரம் திரும்பி வரும் வண்டிகள். அந்தப் பழைய ஜீப்புகளுக்குப் பக்கக் கண்ணாடியே கிடையாது. ரெக்சின் படுதா, அதன் நடுவே மஞ்சளேறிப்போன ஒரு பிளாஸ்டிக் சதுரம், கட்டுவதற்கு வார். அவ்வளவுதான். போருக்காகச் செய்த வண்டி அது. 1940களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் அதைப் பூட்ட ஆரம்பித்தபோதும் படுதாவோடுதான் வந்தது. மழைக்காலத்தில் பூப்பாறை போய் இறங்குவதற்குள் உள்ளே இருப்பவர்கள் பாதி நனைந்திருப்பார்கள்.

ஆகவே கதவில் கண்ணாடி வைத்த கார் என்பது அந்த நாளில் நம் ஊரில் ஓர் அந்தஸ்து. ஏலக்காய் மண்டி முதலாளிகள், எஸ்டேட்காரர்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள் வைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன 1960களில் மூன்று கார்கள்தான் எங்களுக்குத் தெரியும். ஒன்று, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே எடுத்து 1957-58இல் கொண்டுவந்தது. இரண்டாவது, பம்பாய் பிரீமியர் கம்பெனியின் பியட். பின்னாளில் அதுவே பத்மினி ஆயிற்று. மூன்றாவது நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அம்பாசிடரின் முன் கதவில் இரண்டு கண்ணாடி உண்டு. முன்பக்கம் திருகித் திறக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி. அடுத்து, கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் பெரிய கண்ணாடி. முக்கோணத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். ஏ.சி. என்ற சொல்லே காரோடு சேராத காலம் அது. முந்தலில் வியர்த்துக்கொண்டு கண்ணாடியை இறக்குவோம். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி 4,000 அடிக்கு மேலே மேகத்துக்குள் நுழைந்ததும் அவசர அவசரமாக ஏற்றுவோம். மலைச்சாலை வண்டிக்குப் பக்கக் கண்ணாடி சும்மா இருந்ததே இல்லை.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு நல்ல சரித்திரம் உண்டு. பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதல் கார்கள் வந்தபோது அவற்றில் இருந்தது வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடிதான். விபத்தில் அது உடைந்தால் நீள நீளக் கத்தியாக உடையும். மோதலில் தப்பியவர்கள்கூடக் கண்ணாடி கிழித்து இறந்தார்கள். 1903இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளரும் ஓவியருமான எதுவார் பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை மேலிருந்து கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. முன்பு அதில் வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து உள்சுவரில் மெல்லிய தோல்போல ஒட்டியிருந்தது. அதுதான் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. கார் விபத்துகளில் கண்ணாடி கிழித்த செய்திகள் பாரிஸில் அடிபட்டபோது, அவருக்கு இந்தக் குடுவை ஞாபகம் வந்ததாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு தாளை வைத்து ஒட்டும் முறைக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். மூன்று அடுக்கு என்பதால் அதற்கு டிரிப்ளெக்ஸ் என்று பெயர். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கு அதைத்தான் வைத்தார்கள். கார்களுக்கு வந்தது அதன் பிறகு. இன்று நம் கார்களின் முன் கண்ணாடி, லேமினேட்டட் என்கிறோமே, அதன் மூதாதை இதுதான்.

பக்கக் கண்ணாடியின் வம்சம் வேறு. உருகிய கண்ணாடியைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் வால் நீண்ட ஒரு துளி உறையும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் தூள் தூளாகும். 1660 வாக்கில் இளவரசர் ரூபர்ட் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் காட்டினார். வெளிப்பக்கம் சட்டென்று குளிர்ந்து இறுகிவிடுகிறது. உள்பக்கம் மெதுவாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. இறுகிய மேற்பரப்பு விடுவதில்லை. இந்த இழுபறியால் மேல் தோல் எப்போதும் அமுக்கத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும். அமுக்கத்தில் இருக்கும் தோலில் லேசில் விரிசல் விழாது. விழுந்து உள்ளே போய்விட்டால், அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் வெளிப்படும்.

இதே தத்துவத்தில் கண்ணாடித் தகட்டை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றை வேகமாக ஊதிக் குளிரவைத்தால் கிடைப்பது டஃபன்ட் கண்ணாடி. உடைந்தால் பெரும்பாலும் கல்கண்டு மாதிரிச் சிறு கட்டிகளாக உதிரும். கீறலாம், நரம்பை அறுக்காது. அவசரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வரவும் முடியும். அதனால்தான் முன்னால் ஒட்டுக் கண்ணாடி, பக்கத்தில் டஃபன்ட் என்று வழக்கம் ஏற்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. டஃபன் செய்த கண்ணாடியை அதன்பின் வெட்ட முடியாது. வைரமுனை உள்ளே இறங்கினால் ரூபர்ட் துளியின் கதைதான். அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, துளை வேண்டுமானால் துளையும் போட்டு, கடைசியில்தான் சூளைக்குள் அனுப்ப வேண்டும். ஆகவே கண்ணாடிக் கடையில் உங்கள் கண் முன்னால் வெட்டித் தருவது எதுவும் டஃபன்ட் ஆக இருக்க முடியாது.

நம் ஊர் வழக்கம் இங்கேதான் இடிக்கிறது. அந்தக் காலத்துக் கார்களின் பக்கக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. உடைந்தால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையிலோ அரை மணி நேரத்தில் அச்சாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். விலையும் மலிவு. எத்தனையோ வாடகைக் கார்கள் அப்படி ஓடின.

அதன் விலையை எங்கள் குடும்பம் அறியும். எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவர் ஏலக்காய்த் தரம் பார்ப்பவர். கையில் அள்ளி, விரலால் உருட்டி, காய் எடையையும் ஈரத்தையும் சொல்லிவிடுவார். 1980களில் ஒரு நாள் மேட்டிலிருந்து வாடகை அம்பாசிடரில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் வண்டி பக்கச் சுவரில் உரசிச் சாய்ந்தது. பெரிய வேகமில்லை, மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவர் வலது கை கதவுக் கண்ணாடியில் இறங்கிவிட்டது. யாரோ எப்போதோ மாற்றிப் போட்ட சாதாரணக் கண்ணாடி. மணிக்கட்டுக்கு மேலே தசைநார் அறுந்து, தைத்தும் இரண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை. இடது கையால் காய் உருட்டக் கற்றுக்கொண்டார். ஆனால் பழைய மாதிரி அவர் சொல்லை யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். என்னிடம் 1985ஆம் வருடத்து அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. 2016 ஐப்பசி மழையில் நானும் வீட்டுக்காரியும் மலை இறங்கும்போது, புலியூத்துப் பக்கம் மேலிருந்து உருண்ட கல் ஒன்று இடது முன் கதவுக் கண்ணாடியில் அடித்தது. டப் என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் உதிர்ந்து அவள் மடியில் குவிந்தது. முந்தானையை உதறிவிட்டு இறங்கினாள். முழங்கையில் ஒரு சிறு கீறல், அவ்வளவுதான். அது கம்பெனியிலிருந்து வந்த டஃபன்ட் கண்ணாடி.

மறுநாள் ஒர்க் ஷாப்பில், "சார், பிரேம் கடையில சொல்லி வெட்டிப் போட்டுரலாம். சாயங்காலம் வண்டிய எடுத்துக்கிடலாம்" என்றார் மெக்கானிக் தம்பி.

"அது வேணாம் தம்பி. டஃபன்ட்தான் வேணும்."

"கம்பெனியவே மூடியாச்சு. இனி எங்க சார் போய்த் தேடுவீங்க? எல்லாரும் இதத்தான் போடுறாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. உத்தர்பாரா ஆலை 2014 மே 24 அன்று வேலையை நிறுத்திவிட்டது. அதற்கு வெகு முன்பே சந்தை மாறிவிட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மாருதியும் ஜப்பானின் அசாஹியும் பங்கு சேர்ந்த கண்ணாடிக் கம்பெனி வட இந்தியாவில் தோன்றியது. 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை மிதவைக் கண்ணாடி செய்யத் தொடங்கியது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு வழவழப்பாக எடுக்கும் அந்த முறையை பில்கிங்டன் கம்பெனி 1959இல்தான் உலகுக்கு அறிவித்தது. நாம் சிறு வயதில் ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் தெருவே நெளியுமே, அந்த நெளிவு போனது இதனால்தான். புது ஆலைகள் புதுக் கார்களுக்கு வளைவான கண்ணாடிகளைச் செய்தன. பழைய தட்டைக் கண்ணாடிகள் கடைக் கிடங்குகளில் குறைந்துகொண்டே போயின.

சென்னையில் இருக்கும் என் மருமகன் புதுப்பேட்டைக்குப் போனார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தபின் ஓர் அம்பாசிடர் கதவு கிடைத்தது. வலது கதவு. எனக்கு வேண்டியது இடது. பரவாயில்லை, வாங்குங்கள் என்றேன். கண்ணாடி தட்டையாக இருப்பதில் இது ஒரு சௌகரியம்: உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினால் வலது இடதாகிவிடும். நம் ஊர் ரயில் 2010 கடைசியில் அகலப் பாதை வேலைக்காக நின்றுபோயிருந்தது. மறுபடி வந்தது 2023 ஜூனில். ஆகவே கண்ணாடி கம்பளிக்குள் சுருண்டு ஆம்னி பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

டஃபன்ட்தானா என்று பார்க்க மூன்று வழி. மூலையில் செய்தவர் பெயரும் பாதுகாப்புக் கண்ணாடிக்கான முத்திரையும் அழியாதபடி பதித்திருக்கும். இந்திய வண்டிகளுக்கு ஐ.எஸ். 2553 என்பது தர எண். பழைய கண்ணாடி என்றால் மேல் விளிம்பில் சிறு சிறு பள்ளங்கள் இருக்கலாம். இடுக்கியால் பிடித்துத் தொங்கவிட்டுச் சூடாக்கியதன் தழும்பு அது. போலராய்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வாகப் பார்த்தால் பல சமயம் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். காற்று ஊதிய அடையாளம். என் கண்ணாடியில் மூன்றும் இருந்தன. திருப்பிப் போட்டதால் முத்திரை எழுத்தை வண்டிக்குள் உட்கார்ந்துதான் நேராகப் படிக்க முடியும்.

மாட்டும் வேலையில் அவசரம் கூடாது. கைப்பிடிகளைக் கழற்றி, ரெக்சின் அட்டையை எடுத்தால் கதவின் வயிறு தெரியும். உதிர்ந்த கட்டிகளில் பாதி அங்கேதான் கிடக்கும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. கட்டிகள் அதை அடைத்தால் தண்ணீர் தேங்கித் தகடு துருப்பிடிக்கும். ஆனி, ஆடிச் சாரலில் நம் ஊர்க் கதவுகள் கீழிருந்து அரிப்பது இதனால்தான். துளைகளைக் குத்திவிட வேண்டும். கண்ணாடி ஓடும் பக்கவாட்டு சேனலில் உள்ள துணியும் ரப்பரும் காய்ந்திருந்தால் புதிது போட வேண்டும். இரும்பு நேராக விளிம்பில் உரசினால், எத்தனை நல்ல டஃபன்ட் கண்ணாடியும் ஒருநாள் காரணமே இல்லாததுபோல உதிரும். தட்டையான முகம் பலசாலி. விளிம்புதான் அதன் மர்மஸ்தானம்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, வண்டிக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் கறுப்பு ஒட்டுத்தாள்களைத் தடை செய்தபோது பிடித்துக்கொண்டதும் இந்த விதியைத்தான். ஆனால் ஒட்டுத்தாளைப் பிடிக்கும் கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி தெரிவதில்லை. இரண்டும் பளிங்குபோலத்தானே இருக்கின்றன?

15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. அத்தனையும் கட்டிப் பழைய வண்டியை வைத்துக்கொள்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலையில் நாலு கதவையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மூலையில் முத்திரை இல்லாத கண்ணாடி இருந்தால், அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளை உட்காரவைக்காதீர்கள். பழைய கதவுக் கண்ணாடி கிடைக்காவிட்டால், எதிர்ப்பக்கக் கண்ணாடியை அட்டையில் அச்செடுத்துக்கொண்டு, பெரிய ஊர்களில் டஃபன் செய்யும் ஆலைகளைக் கேளுங்கள். அதே கனத்தில் வெட்டி, விளிம்பு தேய்த்து, பிறகு சூளையில் வைத்துத் தருவார்களா, வண்டிக்கு உரிய தர முத்திரை உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வந்து சேரும்வரை பழைய ஜீப் மாதிரி ஒரு ரெக்சின் படுதாவைக் கட்டிக்கொள்ளலாம். நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம்.