மூலதனமும் அறமும்: தென்னாபிரிக்க முதலீட்டு விலகல் இயக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மூலதனத்தின் நோக்கம் இலாபமே. அறம் அதற்குப் புறம்பானது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. சூழல், சமூகம், ஆளுகை ஆகிய மூன்றையும் முதலீட்டின் அளவுகோல்களாகக் கொள்ளும் இன்றைய கோட்பாடு, 2004இல் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் முயற்சியால் வெளிவந்த அறிக்கையொன்றின் வாயிலாகப் பரவலாயிற்று. எனினும் அதன் வேர்கள் பழையன. அவற்றுள் முக்கியமானது தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சிக்கெதிராக எழுந்த முதலீட்டு விலகல் இயக்கமாகும்.

1948இல் ஆட்சியேறிய தேசியக் கட்சி இனவொதுக்கலை அரச கொள்கையாக்கியது. கறுப்பின மக்களின் நடமாட்டம் கடவேடுகளால் கட்டுப்படுத்தப்பட்டது. 1960இல் ஷார்ப்வில்லில் கடவேட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டோருள் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது அந்நிய மூலதனம் அஞ்சி வெளியேறியது. ஆயினும் மலிவான கூலியுழைப்பும் அடக்குமுறை தந்த அமைதியும் அதனை விரைவில் மீளவும் அழைத்துவந்தன.

1970இல் அமெரிக்காவின் போலரொயிட் கம்பனியின் கறுப்பினப் பணியாளர் இருவர், தமது கம்பனியின் படக்கருவிகள் அக்கடவேடுகளுக்குப் பயன்படுவதை அறிந்து போராட்டத்தைத் தொடக்கினர். அரசுக்கு விற்பதில்லை எனக் கம்பனி உறுதியளித்தது. ஆனால் அங்குள்ள விநியோகத்தர் மறைவாக விற்றுவந்தமை 1977இல் வெளிப்படவே, கம்பனி தென்னாபிரிக்க வணிகத்தைக் கைவிட்டது.

அதே 1977இல், ஜெனரல் மோட்டோர்ஸ் பணிப்பாளர் சபையின் முதற் கறுப்பின உறுப்பினரான மதகுரு லியோன் சலிவன் ஆறு கோட்பாடுகளை வகுத்தளித்தார். வேலைத்தலத்திற் பாகுபாடின்மை, சமவேலைக்குச் சமஊதியம், பயிற்சி, முகாமைப் பதவிகளில் இடம் என்பன அவற்றுள் அடங்கும். கம்பனிகள் பல இவற்றை ஏற்றன. ஆனால் தொழிற்சாலைக்குள் சமமாக அமர்ந்துண்ட தொழிலாளி, வாயிலைக் கடந்ததும் வாக்குரிமையற்றவனாகவே நின்றான். கோட்பாடுகள் நிறவெறியைத் தகர்க்கும் கருவியா, கம்பனிகளுக்குக் கவசமா என்ற வினா இங்கேயே எழுந்தது.

இதற்கு வரலாறே விடையளித்தது எனலாம். மாணவர், தொழிற்சங்கங்கள், திருச்சபைகள் ஆகியோரின் நெருக்குதல் பெருகியது. 1985இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்ட பின்னர், சேஸ் மன்ஹட்டன் வங்கி குறுங்காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. ஏனைய வங்கிகளும் பின்தொடர, தென்னாபிரிக்கா கடன் மீளளிப்பை நிறுத்திவைக்க நேர்ந்தது. 1986இல் அமெரிக்கக் காங்கிரஸ், ஜனாதிபதி ரீகனின் மறுப்பாணையை மீறித் தடைச்சட்டத்தை நிறைவேற்றியது. மாணவர்களின் நீண்டகாலப் புறக்கணிப்பிற்கு இலக்கான பிரித்தானிய பாக்ளேஸ் வங்கியும் அவ்வாண்டில் விலகியது. 1987இல் சலிவனே தமது கோட்பாடுகள் போதாவென ஏற்று, கம்பனிகளை வெளியேறுமாறு கோரினார்.

எனினும் இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. வங்கிகளை அசைத்தது அறவுணர்வு என்பதிலும் பார்க்க நட்ட அச்சமே எனல் பொருந்தும். அவ்வச்சத்தைத் தோற்றுவித்ததோ உள்நாட்டு மக்களின் எழுச்சி. ஜெனரல் மோட்டோர்ஸ் தன் கிளையை உள்ளூர் முகாமையாளருக்கு விற்ற பின்னரும், அதே வாகனங்கள் அனுமதிப்பத்திரத்தின்கீழ் உற்பத்தியாயின. 1990இல் மண்டேலாவின் விடுதலைக்கும் 1994இன் பொதுத்தேர்தலுக்கும் வழிதிறந்தது முதலாவதாக மக்கள் போராட்டமே; முதலீட்டு விலகல் அதற்குத் துணைநின்றது.

கம்பனிகள் தாமே வகுத்து, தாமே மதிப்பிட்டு, தாமே புகழும் ஒழுக்கவிதிகள் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வரலாறு மனங்கொள்ளத்தக்கது. அநீதியின் அடித்தளத்தைத் தொடாத சீர்திருத்தம் அநீதிக்கே அணிகலனாகிவிடும். மூலதனம் தானாக அறவழிப்படுவதில்லை. விழிப்புற்ற மக்களே அதனை அவ்வழிக்குத் திருப்புகின்றனர்.