அப்பா எங்கே பிறந்தார்?

பெர்ன்ஹில்லுக்கு வருகிறவர்கள் மைசூர் மகாராஜாவின் அரண்மனையைத்தான் தேடுவார்கள். எனக்கு இந்த மலையின் பெரிய வரலாறு வேறு இடத்தில் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைத் தோட்டங்களில் ஒரு சொல் காதில் விழும்: 'சிலோன்காரங்க'. இவர்களுடைய முன்னோர்கள் இங்கிருந்துதான் இலங்கைக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வந்த பிறகும் பெயர் சிலோன்காரர்தான்.

2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லையென்றால், இனி அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்றது அது. நீதிமன்றங்கள் உடனே தடை போட்டன. ஹெச்1பி விசாவில் இருக்கும் என் கல்லூரி நண்பர்கள் அந்த வாரம் தூங்கவில்லை. அவர்களுடைய பதற்றம் புதுசு இல்லை, தமிழர்கள் ஒருமுறை பட்டு முடித்ததுதான் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் தொழிலில் 'டீஃபால்ட்' என்று ஒன்று உண்டு. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வந்து நிற்கிற மதிப்பு. குடியுரிமைச் சட்டத்துக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. கையில் ஒரு காகிதமும் இல்லாத ஆள் வந்து நின்றால், அவர் உள்ளேயா வெளியேயா?

அமெரிக்கா இதற்குப் பதில் சொன்னது ரத்தம் சிந்திய பிறகுதான். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தது. பிறகு உள்நாட்டுப் போர். 1868இல் வந்த 14ஆவது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகார எல்லைக்கு உட்பட்டவர் அமெரிக்கக் குடிமகன் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. செவ்விந்தியர்கள் எல்லாருக்கும் அது கிடைக்க 1924 வரை ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த வரிக்கு வலு இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனா போய்த் திரும்பியபோது 1895இல் துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்டார். அவருடைய பெற்றோர் சட்டப்படி அமெரிக்கர்களாகவே முடியாத சீனர்கள். 1898இல் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். அப்பா யார் என்பது அங்கே கேள்வியாகவில்லை.

இலங்கையில் அதுதான் கேள்வியே. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே டி.எஸ். சேனாநாயக்கவின் அரசு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்த அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே போய்த் தேடுவது? அந்தக் காகிதம் இல்லாத சிங்களக் கிராமத்தாரும் ஏராளம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 1949இல் வாக்குரிமையும் போனது.

அப்படியானால் அரசியலமைப்பு? சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாக நாடாளுமன்றம் சட்டம் செய்யக் கூடாது என்றது. அதை நம்பித்தான் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடாகன் பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தோற்றது. இந்தச் சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை, யார் குடிமகன் என்றுதான் வரையறுக்கிறது, அது எந்த நாட்டுக்கும் உள்ள அதிகாரம் என்றார்கள். சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல்லே இல்லையே!

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அமெரிக்காவில் குடிமகன் யார் என்பதே அரசியலமைப்புக்குள் இருந்தது. சாதாரணப் பெரும்பான்மையால் தொட முடியவில்லை. இலங்கையில் உரிமைகள் உள்ளே இருந்தன. உரிமைக்கு உரியவர் யார் என்பது வெளியே, நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் கதவையே கழற்றிவிட்டார்கள்.

பிறகு நடந்தது கணக்கு. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். சுமார் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக, பார்த்தேயிராத 'தாயகத்துக்கு' வந்தவர்களில் பலரை நீலகிரி வாங்கிக்கொண்டது. தெரிந்த வேலை தேயிலை. அவர்களுக்கென்றே தமிழக அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டேன்டீ. இலங்கையில் எஞ்சிய நாடற்றவர்களுக்கு முழுத் தீர்வு தர 2003ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருடம்.

இது அடுத்த வீட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம்முடைய 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலும் முதலில் இந்திய மண்ணில் பிறந்தாலே போதும். 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. அதாவது நாமும் மெல்ல மெல்ல மண்ணிலிருந்து அப்பா அம்மாவுக்கு நகர்ந்திருக்கிறோம். இதை வாசிப்பவர் 1987க்குப் பிறகு பிறந்தவர் என்றால், உங்கள் குடியுரிமை உங்கள் பெற்றோரின் காகிதத்தில் இருக்கிறது. கேட்காதவரை அது உறைக்காது.

இங்கே அது உறைத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமை உறுதியான பிறகும், சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும் தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள் குடும்ப அட்டையையும் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டையும் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த மலையில் சில வீடுகளில், வேறு எது தொலைந்தாலும் அந்த டிரங்குப் பெட்டி மட்டும் தொலைவதில்லை.