சாம்பல் வழி – 7: போட்டது போட்டபடி

ஜுரு டோலைத் தாண்டித் தெற்கே கார் ஓட்டும்போது இடப்பக்கம் மலைகள் தெரியும். அவற்றுக்கும் அப்பால், பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில், சென்ற வாரம் நாம் பார்த்த எரிமலையின் சாம்பல் இன்னும் கிடக்கிறது.

ஆம், தோபாதான். ஜுருவிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 350 கிலோமீட்டரில், சுமத்திராவில் இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கிவிட்டு அந்த மலை உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில்தான் இன்று 100 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோபா ஏரி நிற்கிறது. நடுவிலுள்ள சமோசிர் தீவு, பிற்பாடு மேலெழும்பிய ஏரித்தரை.

 தோபா வெடித்தது பனியுகத்தில். கடல்நீரில் ஒரு பங்கு நிலத்தின்மேல் பனியாக உறைந்துபோய்க் கடல் தாழ்ந்திருந்தது. பினாங்கு தீவாகவே இல்லை. ஃபெர்ரியும் வேண்டாம், பாலமும் வேண்டாம், ஜுருவிலிருந்து நடந்தே போயிருக்கலாம்!

லெங்கோங்கில் கோத்தா தம்பான் என்றோர் இடம். 1938இல் காலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டிக் கற்கருவிகளை எடுத்தார். 1987இல் நம் பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜித் மறுபடி தோண்டினார். வெளிப்பட்டது ஒரு முழுப் பட்டறை. தரையில் பட்டடைக் கல், பக்கத்தில் அடிக்கும் கல், சுற்றிலும் சிதறிய சில்லுகள், செதுக்கி முடிக்காத கூழாங்கற்கள். எல்லாம் போட்டது போட்டபடி. சாம்பல் கொட்டியதும் வேலையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. 2012இல் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

ஓடியவர்கள் பிழைத்தார்களா? தோபாவால் உலகத்து மனிதர்களே சில ஆயிரமாகச் சுருங்கிப்போனார்கள் என்று 1998இல் மானுடவியலாளர் ஸ்டான்லி ஆம்ப்ரோஸ் எழுதினார். தொலைக்காட்சிக்காரர்களுக்கு இனிக்கும் கதை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

காரணம் ஆந்திரத்துக் கர்னூல் பக்கம், ஜ்வாலாபுரம் என்ற ஊரில் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் பொடிக்காக அங்கே வெட்டி எடுக்கும் வெள்ளை மண், இதே தோபாச் சாம்பல். அதற்குக் கீழே மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்தன. தொல்லியலாளர் மைக்கேல் பெட்ராக்லியா குழுவினர் சாம்பலுக்கு மேலே இருந்த மண்ணையும் சலித்தார்கள். 2007இல் அவர்கள் வெளியிட்ட முடிவு ஆம்ப்ரோஸின் கதையையே ஆட்டிவிட்டது.

அந்த மேல்மண்ணில் கிடைத்தது என்ன? அடுத்த வாரம் ஜ்வாலாபுரத்தில் இறங்குவோம்.

(தொடரும்)