மூன்று வண்ணத் தாள்கள்

1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ரோந்துக் காவலர் சிலரிடம் அறிக்கை எழுதும் தாள்கட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. தாள்கள் மூன்று வண்ணங்களில் இருந்தன. எது எப்போது வரும் என்று தெரியாதபடி கலைத்து அடுக்கப்பட்டிருந்தன. கணவனோ காதலனோ அடித்துவிட்டான் என்று ஒரு பெண் அழைத்தால் காவலர் வீட்டுக்குப் போவார். கட்டின் மேலே இருக்கும் தாளின் வண்ணப்படி நடந்துகொள்வார். ஒரு வண்ணத்துக்குக் கைது. இன்னொன்றுக்குப் புத்திமதியும் சமாதானமும். மூன்றாவதற்கு, அடித்தவனை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது. பலத்த காயம் ஏற்பட்ட வழக்குகள் இதில் சேர்க்கப்படவில்லை. மற்றபடி, கதவைத் திறந்த பெண்ணுக்கு அன்று என்ன கிடைக்கும் என்பதைத் தாளின் நிறமே முடிவு செய்தது.

காவல்துறையும் பல்கலைக்கழகமும் கைகோத்து நடத்திய ஆய்வு இது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஷெர்மனும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பெர்க்கும் இதை எழுதினார்கள். குடும்ப வன்முறை குறித்த சட்டங்களின் வரலாற்றில் இந்த அளவுக்குத் தாக்கம் செலுத்திய ஆய்வுகள் குறைவு. அதனால்தான் பெண்கள் இதை வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதை இதற்கும் முன்பே தொடங்குகிறது. 1967இல் நியூயார்க் சிட்டி கல்லூரியின் உளவியலாளர் மார்ட்டன் பார்ட், மேற்கு ஹார்லெம் பகுதியில் 18 காவலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். வீட்டுச் சண்டைக்குப் போனால் யாரையும் கைது செய்யாமல் பேசித் தீர்ப்பது எப்படி என்பதே பயிற்சி. இத்தகைய அழைப்புகளில் காவலர்கள் காயமடைகிறார்கள் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அதன் வெற்றியாகப் பெரிதும் பேசப்பட்டதும் காவலர்களின் பாதுகாப்புதான். அடுத்த சில ஆண்டுகளில் இந்தச் சமரச முறை நாடெங்கும் பரவியது. "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்ல நம்மூர் ஸ்டேஷன்களுக்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. அமெரிக்காவிலோ அதற்கு ஒரு பாடத்திட்டமே இருந்தது.

பெண்கள் இதை ஏற்கவில்லை. அடிப்பது குற்றம், அதைச் சண்டை என்று அழைக்காதீர்கள் என்றார்கள். 1976இல் ஓக்லண்டிலும் நியூயார்க்கிலும், பாதுகாப்புத் தர மறுத்த காவல்துறைகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். தங்குமிடங்களைத் தாங்களே நடத்தினார்கள். இத்தனை கூச்சலுக்குப் பிறகுதான் மினியாபொலிஸின் வண்ணத் தாள்கள் வந்தன.

314 வழக்குகள் ஆராயப்பட்டன. ஆறு மாதத்துக்குள் மீண்டும் வன்முறை நிகழ்ந்ததாகக் காவல் பதிவேடு காட்டியது: கைதானவர்களில் 10 சதவீதம், புத்திமதி பெற்றவர்களில் 19 சதவீதம், வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24 சதவீதம். பெண்களிடமே கேட்டபோது இந்த எண்கள் முறையே 19, 37, 33 ஆயின. இரண்டு கணக்கிலும் கைதே மேல். ஆனால் கைதான பிறகும் அடித்தவர்கள் பதிவேட்டில் 10 என்றால், பெண்களின் சொல்லில் கிட்டத்தட்ட அதில் இருமடங்கு. பேட்டிகள் அனைத்தையும் முடித்தவர்களோ ஏறத்தாழப் பாதிப் பெண்கள்தான்.

ஆய்விதழில் கட்டுரை வருவதற்கு ஓராண்டு முன்பே, 1983இல், முடிவுகள் நியூயார்க் டைம்ஸில் வெளியாயின. 1984இல் அமெரிக்க அரசின் குடும்ப வன்முறைப் பணிக்குழு இந்த ஆய்வைக் கையில் எடுத்தது. பல மாநிலங்கள் கைதைக் கட்டாயமாக்கின. பெண்கள் பத்தாண்டுகளாகச் சொன்னபோது அது முறையீடு. பல்கலைக்கழகம் ஒருமுறை சொன்னதும் அது சான்றானது. இயக்கத்தினர் பலர் அந்தச் சான்றை வரவேற்றதில் வியப்பில்லை. கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்திருந்தவர்கள் அவர்கள்.

பிறகு இதே ஆய்வு ஒமாஹா, சார்லட், மில்வாக்கி உள்ளிட்ட நகரங்களில் மறுபடி நடத்தப்பட்டது. முடிவுகள் ஒத்துப்போகவில்லை. மில்வாக்கியில் 1987-88இல் 1,200 வழக்குகள். அங்கே வேலையில் இருந்தவனைக் கைது அடக்கியது. வேலையற்றவனையோ மேலும் வெறிகொள்ள வைத்தது. ஷெர்மனே கட்டாயக் கைதுக்கு எதிராக எழுதத் தொடங்கினார். சட்டங்கள் அதற்குள் நிலைபெற்றுவிட்டன.

2014இல் ஷெர்மனும் ஹெதர் ஹாரிஸும் மில்வாக்கி பெண்களைத் தேடிப் போனார்கள், இறப்புப் பதிவேடுகளின் வழியே. 23 ஆண்டுகள் கழிந்திருந்தன. எச்சரிக்கையோடு விடப்பட்ட ஆண்களின் துணைவியரைவிட, கைதான ஆண்களின் துணைவியர் இறந்திருந்த விகிதம் 64 சதவீதம் அதிகம். கறுப்பினப் பெண்களில் இது 98 சதவீதம். வெள்ளையினப் பெண்களில் 9 சதவீதம். மிகப் பெரும்பாலான இறப்புகள் கொலைகள் அல்ல. இதயநோய் போன்ற உடல்நலக் கேடுகளே காரணம்.

இந்த எண்களை வைத்து, அடிப்பவனைக் கைது செய்யக் கூடாது என்று நான் வாதிடமாட்டேன். என் கவலை வேறு. அந்த ஆய்வுகளின் முதன்மை அளவுகோல், அவன் மறுபடி அடித்தானா என்பது. அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை. தமிழ் படித்தவள் என்பதால் சொற்களிடம் நின்றுவிடுவது என் வழக்கம். இத்தகைய ஆய்வுகளில் கைது, புத்திமதி ஆகியவற்றுக்குப் பெயர் 'ட்ரீட்மென்ட்', அதாவது சிகிச்சை. சிகிச்சை அவனுக்கு, அதன் விளைவோ அவள் உடம்பில்.

கறுப்பினப் பெண்களுக்கு இது செய்தியாக இருந்திருக்காது. தங்கள் வீட்டுக்குள் போலீசை அழைக்க அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கிம்பர்லே கிரென்ஷா 1991இலேயே எழுதியிருந்தார். எண் வந்து சேர 23 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் கட்டுரை வெளியான அதே 1984இல், இங்கே மும்பையில் வேறுவகைக் கூட்டு ஒன்று தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கணவன் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவு நம் சட்டத்தில் சேர்ந்திருந்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனம், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவை மும்பைக் காவல் ஆணையர் அலுவலக வளாகத்திலேயே திறந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள், காவலர்கள் அல்லர். வந்த பெண்ணிடம் அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உனக்கு என்ன வேண்டும் என்பது. ஒருத்திக்குப் புகார் பதிய வேண்டும். ஒருத்திக்குத் தங்க இடம். ஒருத்திக்குத் தன் நகையும் பாத்திரமும் திரும்ப வேண்டும். கணவனை அழைத்துப் பேசுவதும் உண்டு. ஆனால் அடி நிற்க வேண்டும் என்பது அந்தப் பேச்சின் அடிப்படை. இந்த வேலையின் உள்ளிருந்தே ஆய்வும் வளர்ந்தது. பின்னர் மகாராஷ்டிர அரசு இதை ஏற்றது. பிற மாநிலங்களுக்கும் சென்றது. மினியாபொலிஸ் அளவுக்கு உலகப் புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. சுருக்கிச் சொல்ல ஓர் எண் இதனிடம் இல்லையே.

இன்று எண்ணும் ஆய்வுகள் இந்தியாவுக்கும் வந்துவிட்டன. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் மகளிர் உதவி மேசைகளைச் சோதித்த ஆய்வு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. மேசைகள் இருந்த நிலையங்களில் பெண்களின் வழக்குகள் கூடுதலாகப் பதிவாயின, குறிப்பாகப் பெண் அதிகாரிகள் பொறுப்பேற்ற இடங்களில். நல்ல செய்தி. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு ஒரு பதிவு எண் கிடைப்பது சிறிய காரியமில்லை.

ஆய்வுக்குப் போகும் மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். எவ்வளவு காலம் எண்ணினார்கள் என்று பாருங்கள். வழக்குப் பதிவான பெண் அன்றிரவு எங்கே தூங்கினாள், வாடகையை யார் கொடுத்தார், பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா என்று தேடுங்கள். மில்வாக்கியில் அந்தப் பெண்களைத் தேட 23 ஆண்டுகள் ஆயின. அதற்குள் சிலர் இல்லை. நாம் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த மாதமே போய்க் கேட்கலாம்.