திறவுச்சொல் (தேடுபொறி உகப்பாக்கம்)

திறவுச்சொல் என்பது ஒரு தகவலையோ பொருளையோ தேடுபவர் தேடுபொறியில் உள்ளிடும் சொல் அல்லது சொற்றொடர். தொழில் வழக்கில் இது கீவேர்டு எனப்படும். எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி உகப்பாக்கத்தில், ஒரு வலைப்பக்கம் எந்தத் தேடலுக்கு விடையாக வேண்டும் என்பதை முடிவு செய்து, அத்தேடலுக்குரிய சொற்களைப் பொருத்தமான இடங்களில் அமைப்பதே திறவுச்சொல் பயன்பாடு.

வரலாறு

ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்பதைக் கொண்டு அதன் எடையைக் கணிக்கும் முறையை 1972இல் பிரித்தானிய அறிஞர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். எல்லா ஆவணங்களிலும் காணப்படும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 1990களின் தேடுபொறிகள் சில, பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதப்படும் மெட்டா கீவேர்ட்ஸ் பட்டியலையும் கணக்கில் கொண்டன. தள உரிமையாளர்கள் தொடர்பற்ற சொற்களையெல்லாம் அதில் அடுக்கியதால் அப்பட்டியல் நம்பகத்தன்மையை இழந்தது. வலைத்தேடலின் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. கூகுள் தன் தேடல் முறையில் செய்த மாற்றங்களான, 2013இல் வெளியான ஹம்மிங்பேர்டும் 2019இல் வந்த பெர்ட்டும், தனிச்சொற்களைப் பொருத்திப் பார்ப்பதைவிட முழுத் தொடரின் பொருளை அறிவதில் தேடலை முன்னேற்றின.

தேடலின் நோக்கம்

ஆண்ட்ரே பிரோடர் 2002இல் வலைத்தேடல்களை மூவகையாகப் பிரித்தார்: குறிப்பிட்ட தளத்துக்குச் செல்வதற்கான தேடல், தகவல் அறிவதற்கான தேடல், வாங்குதல் போன்ற ஒரு செயலை முடிப்பதற்கான தேடல். 'தையல் இயந்திரம் பழுதுபார்ப்பது எப்படி' என்று கேட்பவருக்கு விற்பனைப் பக்கம் பயன்படாது. 'தையல் இயந்திரம் விலை' என்று தேடுபவருக்கு அதன் வரலாறு தேவையில்லை. நோக்கத்துக்குப் பொருந்தாத பக்கத்தில் சரியான சொல் இருந்தும் பலனில்லை.

தேர்வு

நிறுவனம் வழங்கும் பெயரும் மக்கள் தேடும் பெயரும் பெரும்பாலும் வேறுபடும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறை ஆவணமான வில்லங்கச் சான்றிதழைப் பலர் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான 'ஈ.சி.' என்றே தேடுகின்றனர். அதைப் பற்றிய பக்கத்தில் இரு வழக்குகளும் இடம்பெற வேண்டும். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்வதும் பரவலாக உள்ளது. கூகுள் ஆட்ஸின் கீவேர்டு பிளானர் மாதாந்திரத் தேடல் அளவைத் தோராயமாகத் தரும். கூகுள் டிரெண்ட்ஸ், ஒரு சொல்லின் மீதான ஆர்வம் காலத்தாலும் ஊராலும் மாறுவதைக் காட்டும். 'கடன்' போன்ற ஒற்றைச் சொல்லுக்குத் தேடல் அதிகம், போட்டியும் கடுமை. 'கல்விக் கடனுக்குத் தேவையான ஆவணங்கள்' போன்ற நீண்ட தொடருக்குத் தேடல் குறைவு. ஆனால் தேடுபவரின் தேவை தெளிவாகத் தெரிவதால் புதிய தளங்கள் அங்கிருந்து தொடங்குவது வழக்கம்.

அமைக்கும் இடங்கள்

பக்கத்தலைப்பு, முதன்மைத் தலைப்பு, தொடக்கப் பத்தி, உட்தலைப்புகள், படங்களின் மாற்றுரை, இணைப்புக்குரிய சொற்கள், இணைய முகவரி ஆகியவை முக்கிய இடங்கள். பக்கத்தின் சுருக்கமாக நிரலில் எழுதப்படும் மெட்டா விவரிப்பு தரவரிசையை உயர்த்துவதில்லை. எனினும் தேடல் முடிவில் அது தோன்றக்கூடும் என்பதால், வாசகர் சொடுக்குவதற்கு உதவும். ஒரு பக்கம் ஒரு முதன்மைப் பொருளையே கையாள்வது நல்லது. ஒரே தேடலுக்காக ஒரு தளத்தில் பல பக்கங்கள் இருந்தால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும்.

திணிப்பு

ஒரே சொல்லை இயல்புக்கு மாறாகத் திரும்பத் திரும்ப எழுதுவது, ஊர்ப்பெயர்களை வரிசையாக அடுக்குவது, பின்னணியின் நிறத்திலேயே சொற்களை ஒளித்து வைப்பது ஆகியவை கூகுளின் விதிகளுக்கு முரணானவை. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளம் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கப்பட்டது. பழைய கார் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் நிறைந்த பக்கத்தைத் தேடுபொறிக்கும், வேறொரு பக்கத்தைப் பயனருக்கும் அது காட்டியிருந்தது. அப்பக்கங்கள் அகற்றப்பட்டபின் தளம் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2012 ஏப்ரலில் வந்த கூகுளின் பென்குவின் மாற்றமும் இத்தகைய திணிப்பைக் குறிவைத்தது.

மதிப்பீடு

எந்தத் தேடல்களில் பக்கம் தோன்றியது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, சராசரி இடம் எது என்பவற்றைக் கூகுள் சர்ச் கன்சோல் காட்டும். அடிக்கடி தோன்றியும் சொடுக்குகள் குறைவாக இருந்தால் இடத்தையும் தலைப்பையும் ஆராய வேண்டும். பக்கத்தில் விடையில்லாத கேள்விக்கு அது தோன்றினால், அவ்விடையைச் சேர்ப்பதோ தனிப்பக்கம் எழுதுவதோ அடுத்த பணி.